பூக்காத எட்டு வரிசை

சகாயம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். அன்று காலை மிகவும் தணிந்திருந்தது.

வையம்பட்டிக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் ஒன்றரை ஏக்கரில் அவர் முயல் மசால் விதை எடுக்கிறார். ஆடும் மாடும் விரும்பித் தின்னும் பயறு வகைத் தீவனம் அது; ஒருமுறை விதைத்தால் இரண்டு மூன்று வருடம் நிற்கும். விதையைக் கை பொறுக்காத வெந்நீரில் நாலு நிமிடம் போட்டெடுத்து விதைக்க வேண்டும். முற்றினால் தரையில் கொட்டிவிடும். விளக்குமாற்றால் கூட்டித்தான் அள்ள வேண்டும். பதினோரு வருடமாகக் கூட்டுகிறார். முதல் வருடம் மழை தாமதித்ததால் ஐப்பசியில் விதைத்தார். பகல் குறுகத் தொடங்கியிருந்தது. செடி சாண் உயரத்திலேயே பூத்துவிட்டது. தீவனமும் இல்லை, விதையும் இல்லை. பகல் குறுகினால்தான் இது பூக்கும் என்று அப்படித்தான் கற்றார். அதன்பிறகு ஆடி தாண்டி விதைத்ததில்லை.

திருச்சி விதைச் சங்கத்து ஆய்வாளர் அரவிந்தன் வரப்பில் நின்றபடியே தாளில் எழுதினார்: 'கலப்பு விதை. நிராகரிக்கலாம்.'

வயல் முழுக்க மஞ்சளாகப் பூத்திருந்தது. மேற்கே, இந்த வருடம் வந்த பெட்ரோல் பங்கை ஒட்டிய எட்டு வரிசை மட்டும், வரப்பிலிருந்து பார்க்க ஒரு பூ இல்லாமல் இடுப்புயரம் பச்சையாக நின்றது.

"வேற ரகம் கலந்திருக்குங்கம்மா."

"நான் கலந்தேன்னு எழுதுறீங்க."

"நீங்கன்னு எழுதலையே."

"நிலம் என்னுது, விதை என்னுது. வேற யாரு சார் கலந்தா, மருதையோட ஆடா?"

பக்கத்து நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மருதை சிரித்தார். "என் ஆட்ட ஏன்க்கா இழுக்கற. பெட்ரோல் வாடைல செடி மயங்கிருச்சோ என்னமோ."

சகாயம்மாள் சிரிக்கவில்லை. இந்தத் தாள் சங்கத்துக்குப் போனால் விதை கொடுப்பவர் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அதைவிட, கலப்படக்காரி என்று சுற்றுவட்டாரம் சொல்லும்.

"போன வருஷமும் இதே செடிதான். அப்ப எட்டு வரிசையும் பூத்துச்சு. நீங்கதான் வந்து கையெழுத்துப் போட்டீங்க."

"அதுக்கப்புறம் வெளியிலேர்ந்து விதை விழுந்திருக்கலாம்ல?"

"வரிசை பிடிச்சு விழுமா?"

பதிலுக்குக் காத்திராமல் விளக்குமாறும் கையுமாக வயலுக்குள் இறங்கி நடந்தார். அரவிந்தன் பின்னால் வந்தார். மேற்கு ஓரத்து மோட்டார் ரூமுக்குக் கிழக்குப் பக்கத்தில், அதே எட்டு வரிசைக்குள், ஒரு திட்டு மட்டும் பூத்திருந்தது. சுவரருகே குறுகி, போகப்போக அகன்ற மஞ்சள் திட்டு. இரண்டு பக்கமும் வெட்டினாற்போல் பச்சை. சுவருக்கு அந்தப்பக்கம் பங்கின் விளக்குக் கம்பம்.

"விடிய விடிய எரியுது சார் அது, செடிக்கு ராத்திரியே இல்ல. ரூம் மறைக்கற இடம் மட்டும்தான் இருட்டு. இருட்டு இருக்கற இடத்துல பூத்திருக்கு. இதுக்கு நான் படிச்சிட்டு வரணுமா?"

அரவிந்தன் கம்பத்தைப் பார்த்தார், திட்டைப் பார்த்தார். சுவரிலிருந்து கடைசிப் பூ வரை நடந்து பார்த்தார்.

"விளக்குன்னு எழுத இதுல கட்டமே இல்லைங்கம்மா."

"கலப்புன்னு எழுத மட்டும் இருந்துச்சு."

அரவிந்தன் அந்த வரியை அடித்துக் கொடுத்தார். சகாயம்மாள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அடிச்சும் படிக்க முடியுது. புதுசா எழுதுங்க."

"வேற தாள் ஆபீஸ்லதான் இருக்கு."

"வாங்க, போவோம்."

விளக்குமாற்றை மோட்டார் ரூமில் சாத்திவிட்டு, தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். பங்கைத் தாண்டும்போது அண்ணாந்து பார்த்தார். காலை பத்தரை மணி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.