எங்கள் மிசின் விட்ட அடி

போன கிழமை சுவருக்குப் பெயின்ற் வாங்கலாம் என்று சந்தியிலுள்ள கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்றவர் பிரஷ் கழுவ ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கேட்டார். கடைக்காரர் புனலை வைத்து ஊற்றினார். அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் விரல்கள் கண்ணாடி மேசையில் தட்டத் தொடங்கிவிட்டன.

"அக்கா, அவசரமோ? இந்தா, முடிஞ்சுது" என்றார் கடைக்காரர்.

அவசரம் ஒன்றுமில்லை. ஐம்பதை எட்டிப்பிடிக்கப் போகிற ஒருத்தி கடையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றால் அதற்கு என்ன விளக்கம் சொல்வது? சிரித்துச் சமாளித்துவிட்டு வந்தேன். உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

யுத்தத்தில் பெட்ரோலுக்கும் சவர்க்காரத்துக்கும்கூடத் தடை இருந்த அந்தக் காலத்தில் எங்களுக்கு எல்லாமே மண்ணெண்ணெய்தான். விளக்கு அதில் எரிந்தது, மோட்டார் சைக்கிள் அதில் ஓடியது, மினிபஸ்கூட அதைத்தான் குடித்துவிட்டு இருமிக்கொண்டு போகும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலும் அந்த மணம். சவர்க்காரமும் கிடைக்காதபடியால் போகவும் போகாது. எல்லாரும் அப்படியே மணத்ததால் ஒருவருக்கும் வெட்கமில்லை. எங்கள் வீட்டுக்குக் கிடைத்த எண்ணெயில் பெரும்பங்கைக் குடித்தது, வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மிசின். அதற்கு ஒரு வருத்தம், மாறாத நோய், இருந்தது. நாலு அடி ஒழுங்காக அடிக்கும், பிறகு ஓர் அடியை விழுங்கிவிடும், விட்டதைப் பிடிக்கிற மாதிரி இரண்டு அடியை அவசரமாக அடிக்கும். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு... வெறும் காற்று... டுடுக்கு. அது நிற்கப் போகிறதென்று ஐயா, அப்பாவைத்தான் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார். அது நிற்காது.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாண்ட் குழு இருந்தது. பெரிய மேளத்தைச் சுமந்தவளுக்குக் கால் மட்டும்தான் வெளியே தெரியும். நான் இடுப்பில் மாட்டி அடிக்கும் சின்ன டிரம். அந்த வருடம் பள்ளிக்கூடங்களுக்கிடையிலான பாண்ட் போட்டியில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். ஒருவர் தனியே மூன்று நிமிடம் டிரம் அடிக்க வேண்டும், அது அவரே ஆக்கியதாகவும் இருக்க வேண்டும். வகுப்பில் மேசையைத் தட்டியதற்காக என்னைப் பலமுறை வெளியே நிறுத்திய ரீச்சர், அன்றைக்கு என்னைத்தான் பார்த்தார். "உம்மடை கைதான் சும்மா கிடக்காது. நீரே அடியும்."

எங்கள் பள்ளிக்கூடம் அந்தப் போட்டியில் ஒருநாளும் பரிசென்று மேடையேறியதில்லை. அந்த அவமானத்தை நான் துடைக்கிறேன் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன். பதினைந்து வயதில் இப்படியான முடிவுகளை நின்ற நிலையிலேயே எடுக்க முடிகிறது.

அண்ணை கொய்யாத் தடியில் இரண்டு குச்சி சீவித் தந்தார். வீட்டில் டிரம் இல்லை, பிஸ்கட் தகரம் இருந்தது. ஆனால் எதை அடித்தாலும் கடைசியில் இடது வலது, இடது வலது என்று அணிவகுப்பாகவே வந்து முடிந்தது. கோயில் மேளத்தில் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், அதற்குள்ளும் படை நடந்தது. அம்மா தகரத்தைப் பிடுங்கி அரிசி போட்டு வைத்துவிட்டார்.

ஓர் இறைப்பு நாள், பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிட்டுக்கொண்டு நின்றேன். கையில் மண்வெட்டி. மிசின் வழக்கம்போல நொண்டுகிறது. என் விரல்கள் மண்வெட்டிப் பிடியில் அதனோடு சேர்ந்து நொண்டுவதைப் பார்த்தேன். இதுதான் என்று தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பாத்தியை மறந்துபோனேன், தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டது. அதற்கு வாங்கிய ஏச்சு தனி.

கயிற்றைச் சுற்றி இழுத்தும் மிசின் பிடிக்காமல் செத்துப்போவதில் என் ஆக்கம் தொடங்கும். பிறகு பிடிக்கும், ஓடும், நொண்டும். எண்ணெய் தீர்ந்து இழுத்து இழுத்து நிற்பதில் முடியும். இறைக்கும் நாட்களில் மிசினுக்குப் பக்கத்திலேயே இருந்து பழகினேன். அது எனக்கு அடி பிடித்துத் தந்தது.

போட்டிக்கு ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கையில் அண்ணை மிசினைத் திருத்திவிட்டார்.

முழுதாகக் கழற்றி, கழுவி, ஊதி, பூட்டினார். கயிற்றை ஒரே இழுவை. டுக்கு டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. விடாமல் ஓடியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர். ஐயாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "பாதி எண்ணெயிலை முழுத் தோட்டமும் இறைச்சாச்சு. இனி ஒருத்தரும் உதிலை கை வைக்கப்படாது" என்றார். நான் வரம்பில் இருந்து அழுதேன்.

"மிசின் சுகப்பட்டதுக்கு அழுற ஆளை இப்பதான் பாக்கிறன்" என்றார் அண்ணை.

திரும்பவும் பழுதாக்கித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். எண்ணெய் இருந்த நிலைமையில் அது நடக்கிற காரியமா? ஆனால் அந்த ஒழுங்கான ஓட்டத்தைக் கேட்கக் கேட்க என் கையும் ஒழுங்காகிக்கொண்டு போனது. மறுபடி படை நடக்கத் தொடங்கியது. மாலையில் அண்ணை சைக்கிளை எடுத்தார். "சரி, அழாதை. ஏறு. நான் ஓடுறன், நீ அடி."

ஓடுறன் என்று அவர் சொன்னது சைக்கிளை இல்லை, மிசினை. கன்னத்தை உப்பவைத்து வாயாலேயே ஓடினார். அந்த நோயை எத்தனையோ நாள் காதை வைத்துக் கேட்டவர் அல்லவா, அடி விடுகிற இடம் அச்சொட்டாக விழுந்தது. நான் பின்கரியரில் இருந்து அவருடைய முதுகில் அடித்தேன். அந்தக் கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் இதுதான். எதிரே வந்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, நெஞ்சிலை சளியோ?" என்று கவலையோடு கேட்டார்.

போட்டியன்று ஐயாவும் அண்ணையும் முன்வரிசையில் இருந்தார்கள். டிரம்மில் கயிறு இழுத்தேன், மிசின் பிடித்தது, ஓடியது. நொண்ட வேண்டிய இடம் வந்தது. கை நொண்டவில்லை. இடது வலது, இடது வலது. அண்ணையைப் பார்த்தேன். அவர் கன்னம் உப்பியிருந்தது. அடி விடுகிற இடத்தில் தலை நெஞ்சில் விழுந்து, பிறகு இரண்டு தரம் வெட்டி நிமிர்ந்தது. என் கை அதைப் பிடித்துக்கொண்டது.

பின்னாலிருந்து எங்களைப்போலத் தோட்டம் செய்கிற ஒரு கமக்காரர் கத்தினார்: "எண்ணெய் முடியுது, ஆராவது பாருங்கோ!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எல்லார் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது.

நடுவராக வந்த மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளை, இடைக்கிடை அடி விட்டீர். பிழையோ?"

"இல்லை சேர். எங்கடை மிசின் அப்பிடித்தான் ஓடும்."

"அப்ப இது உம்மடை ஆக்கமில்லையே. மிசின்ரை ஆக்கமெல்லோ?"

நான் குச்சிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். பெற்றோர் கூட்டங்களில் வாயே திறக்காத ஐயா எழும்பி நின்றார். "மிசினும் எங்கடை, பிள்ளையும் எங்கடை, சேர்."

மாஸ்ரரும் சிரித்துவிட்டார். இரண்டாம் இடம் தந்தார்கள். பரிசு, கலர்ப் பேப்பரில் சுற்றிய இரண்டு சவர்க்காரக் கட்டி. முதலாமிடத்துக்குக் கிண்ணம் கொடுத்தார்கள் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். "கிண்ணத்தாலை உடுப்புத் தோய்க்கேலுமே?" என்று கேட்டார் அம்மா.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரோடு ஊராக வெளிக்கிட்டபோது, மழைக்கு நனையக் கூடாதென்று ஐயா மிசினுக்குச் சாக்குப் போர்த்திவிட்டு வந்தார். திரும்பிப் போனபோது சாக்கும் இல்லை, மிசினும் இல்லை. ஐயா போயும் இப்போது கனகாலம். தோட்டங்களில் கரண்ட் மோட்டர் வந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வரும், வேறொன்றும் கேட்காது.

கடையிலிருந்து வந்ததும் கனடாவிலிருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, எங்கடை மிசினை ஒருக்கா ஓடுங்கோ."

"உனக்கென்ன விசரே? ஆக்கள் நிக்கினம்" என்றார். பிறகு ஓடினார். டுக்கு டுக்கு டுக்கு டுக்கு டுக்கு டுக்கு டுக்கு. நான் காத்துக்கொண்டிருந்தேன். அடி விடவேயில்லை. தான் திருத்திய மிசினைத்தான் இத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார்.

"அதில்லை அண்ணை" என்று போனை மேசையில் வைத்துவிட்டு விரலால் தட்டிக் காட்டினேன். நாலு அடி, வெறும் காற்று, அவசரமாக இரண்டு.

"நான் அதைத் திருத்தியிருக்கக் கூடாது, என்ன?" என்றார் அண்ணை.

"திருத்தாட்டி வெங்காயம் காஞ்சிருக்கும்" என்றேன்.

சிரித்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. "சரி, சரி. நிப்பாட்டாதை, அடி."