பைல் மாதிரி ஒன்று

கடிதம் அடித்துக் கொடுக்கிற தொழிலில் கவலை எல்லாம் சொல்ல வந்தவருடையது, பிழை எல்லாம் அடித்துக் கொடுத்தவளுடையது. கொமியுனிகேஷன் கடைகளில் கீபோர்ட்டுக்கு முன்னால் இருந்து முதுகு கூனிப்போன ராத்தாமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் பட்டதில் கொஞ்சத்தை எழுதுகிறேன்.

சீலைக்கு இந்தப் பக்கம்

நான் படித்தது ஏழாம் ஆண்டு மட்டும். சுனாமிக்குப் பிறகு கல்முனைக்குடியில் தகரக் கொட்டிலில் இருந்த நாட்களில் பெண்களுக்குத் தமிழ் டைப்பிங் பழக்கினார்கள். வயிற்றில் பிள்ளையோடு போய்ப் பழகினேன். என் புருஷனுடைய வள்ளத்தைக் கடல் கொண்டு போயிருந்தது, அவருக்கு வேலை கிடைத்த நாளில்தான் கூலி. பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்த கையோடு பஸாரில் ஒரு ஹாஜியாருடைய கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆம்பிளைகளுக்கு முன்னால் எனக்குக் குரலே வராது. அதைப் பார்த்து ஹாஜியார் குறுக்கே ஒரு சீலை கட்டித் தந்தார். ஆண்கள் அந்தப் பக்கம் நின்று சொல்வார்கள், நான் இந்தப் பக்கம் அடிப்பேன். பெண்கள் உள்ளே வந்து பக்கத்தில் இருப்பார்கள். பிள்ளை பின்னால் ஏணைத் தொட்டிலில் கிடக்கும்.

ஹாஜியாருக்கு ஒரு பயம். சண்டை நடக்கிற காலம். யாராவது வந்து கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால், அதற்குள் யார் யாருடைய கடிதம் இருக்கிறதோ அவர்கள் எல்லாரும் விசாரணைக்குப் போக வேண்டிவரும். அதனால் இந்தக் கடையில் ஒரு கடிதமும் சேமிக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். கொழும்பில் கொம்பியூட்டர் வேலை படித்த அவருடைய மருமகன் அதற்கென்றே ஒரு சின்னப் புரோகிராம் செய்து போட்டார். அதில் நாலே நாலு பொத்தான்: எழுது, வாசி, முதலுக்குப் போ, மூடு. ‘வாசி’ என்றால் வாசித்ததைப் பிரின்டருக்கு அனுப்பும். சீலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே எனக்கு அதைப் பழக்கினார். பழக்கி முடித்துவிட்டுச் சொன்னார்: “தங்கச்சி, இது பைல் மாதிரி நடிக்கிற ஒண்டு, பைல் இல்ல. எழுதலாம், வாசிக்கலாம், முன்னுக்குப் பின்னுக்குப் போகலாம், ஆனா எல்லாம் கொம்பியூட்டர்ட ஞாபகத்தில மட்டும்தான், மூடினாப் போச்சு.”

வெள்ளைத் தாள்

எனக்கு முதல் கடிதம் சொன்னவர் பாக்கியம் அக்கா. பெரியநீலாவணையில் மீன் விற்கிறவர். அவருடைய மூத்த மகன் சுதன், பத்தொன்பது வயது. சுனாமி முடிந்து ஆறாம் மாதம், வளவில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவனை வேனில் வந்தவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகன் எங்கே இருக்கிறான் என்று தேடித் தரச் சொல்லி ஒரு கடிதம் வேண்டும். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, உடுத்திருந்தது நீலச் சாரம், கொஞ்சம் திக்கிக் கதைப்பான், இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அடித்து முடித்து ‘வாசி’யை அழுத்தினேன். பிரின்டர் கடகடவென்று சத்தம் போட்டு ஒரு வெள்ளைத் தாளைத் தந்தது. திரும்ப அழுத்தினேன். இன்னொரு வெள்ளைத் தாள்.

எழுதிக்கொண்டு போனால் கை நிற்கிற இடம் கடைசி வரியின் நுனி. ‘வாசி’ என்றால் அந்த நுனியில் இருந்துதான் அது வாசிக்கும். அதற்கு அங்கால் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ‘முதலுக்குப் போ’ என்பதை முதலில் அழுத்த வேண்டும். மருமகன் சொல்லித்தான் இருந்தார், பதற்றத்தில் எனக்கு வரவில்லை. மூன்றாவது வெள்ளைத் தாளோடு நான் அழத் தொடங்கிவிட்டேன். பாக்கியம் அக்கா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மூன்று ஒபிஸுக்குப் போய் வாயால் முறைப்பாடு சொல்லிவிட்டு வந்தவர் அவர். “அழாத புள்ள. அங்க இரிக்கிற துரைமாரும் நான் சொல்லி முடிஞ்ச இடத்தில இருந்துதான் கேக்கத் தொடங்கிற.”

வால்

அடுத்த பிழை இதைவிடப் பெரியது. ஸ்க்ரீனில் அடிக்கிற வரி மட்டும்தான் தெரியும், முழுக் கடிதமும் தெரியாது. பாக்கியம் அக்காவின் இரண்டாவது கடிதம் நீளம், இரண்டு பக்கம். அவர் போனதும் ஹனீபா காக்கா சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கடலில் போன எஞ்சினுக்குப் பதில் எஞ்சின் கேட்கிற கடிதம், பத்து வரி. ஏணையில் பிள்ளை கத்துகிறது. நான் ‘மூடு’ அழுத்தாமல், ‘முதலுக்குப் போ’ அழுத்தி, மேலேயே அடித்துக்கொண்டு போனேன். அது என்ன செய்யும்? பத்து வரி அளவுக்குப் பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொண்டது. அதற்குக் கீழே பழைய கடிதத்தின் மிச்சம் அப்படியே கிடந்தது. நான் இரண்டு தாளையும் பார்க்காமல் மடித்துச் சீலைக்கு மேலால் கொடுத்தேன். ஹனீபா காக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. கடைசித் தாளின் அடியில் பெருவிரல் அடையாளம் வைத்து ஒபிஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

நாலாம் நாள் சீலைக்கு அந்தப் பக்கம் அவருடைய இருமல் கேட்டது. “புள்ள, நான் கேட்டது ஒரு எஞ்சின். நீ எனக்கு நீலச் சாரம் உடுத்த ஒரு தமிழ்ப் பொடியனையும் சேத்துக் கேட்டிரிக்காய்” என்றார். காலையில் இருந்து பின்னேரம் அசர் பாங்கு சொல்லும் வரைக்கும் ஒபிஸ் வாங்கில் இருத்தி வைத்து, யார் அந்தப் பொடியன், உனக்கு என்ன உறவு, ஆர் கூட்டிப்போன என்று கேட்டிருக்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டது எனக்கே கேட்கவில்லை. அவர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை, இப்படிச் சொன்னார்: “வந்ததுதான் வந்த, அந்தப் பொடியன் எங்க எண்டு நானும் கேட்டுப் பாத்தன் புள்ள, எஞ்சினும் இல்லையாம், பொடியனும் இல்லையாம்.”

அழிச்சதைக் காட்டு

வரிப்பத்தான்சேனையில் இருந்து ஒரு போடியார், பெரிய வயல்காரர், வந்தார். வயல் காணி ஒன்றைப் பற்றி, பெயர் சொல்லக்கூடாத ஒருவருக்கு எதிராக மனு. பிரின்டைக் கையில் வாங்கியதும் சீலைக்கு அந்தப் பக்கம் இருந்து, “அழிச்சிட்டியா மகள்?” என்று கேட்டார். “ஓம், அழிச்சிட்டன்” என்றேன். அது என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. ஹாஜியார் வந்து, இங்கே ஒன்றும் மிஞ்சாது, மூடினால் போய்விடும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். மனுஷன் நகரவில்லை. வெறும் ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினோம். அதற்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோமா என்று எட்டிப் பார்த்தார். பஸ்ஸைத் தவறவிட்டும் நின்றார். “இல்லாதத எனக்குக் காட்ட வேணாம், அழிச்சதக் காட்டு, கண்ணால பாத்துட்டுப் போறன்.”

மாரி

மாரி காலத்தில் கல்முனையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாக்கியம் அக்காவின் ஐந்தாவது கடிதம். இந்த முறை புதிதாக ஒரு இடத்துக்கு. கடைசி வரியில் நிற்கிறேன், பொக்கென்று எல்லாம் இருண்டது. கரண்ட் வந்ததும் திரும்ப முதலில் இருந்து சொல்லச் சொன்னேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவரும் திரும்பச் சொன்னார், தழும்பு, திக்கல், எல்லாம். சாரத்தில் வந்து நின்றுவிட்டார். நீலம் என்றார். பிறகு, இல்லை, நீலம் அவன் சின்னவனுக்குக் கொடுத்தது, அன்றைக்குப் பச்சைக் கோடு போட்டது என்றார். பிறகு இரண்டும் இல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே மழை தகரத்தில் அடிக்கிறது. மகன் போன நாளில் என்ன உடுத்திருந்தான் என்பது ஒரு தாய்க்கு மறந்துபோகிறதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

“நீலம் எண்டுதான் முதல் சொன்னீங்க அக்கா” என்றேன். நான்கு கடிதத்திலும் நீலம்தான் அடித்திருந்தேன், என் விரலுக்கு அது மனப்பாடம். அவருக்கு முகம் தெளிந்தது. நீலம் என்றே அடித்தோம். பிரின்ட் எடுக்கும்போது, ஒரு கொப்பி வீட்டுக்கும் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். சுற்றிவளைப்பில் வீட்டைக் கிண்டினால் இப்படித் தாள் அகப்படக் கூடாது, சின்ன மகன் இருக்கிறான் என்று வேண்டாம் என்றுவிட்டார். உன்னிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்றார். கரண்ட் போனபோது அடித்தது மட்டும்தான் அழிந்தது, மற்ற நாலும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இல்லை அக்கா, இங்கே ஒன்றுமே மிஞ்சாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம்தான். என் பிறவிக் குணம், தலையை ஆட்டிவிட்டேன். “என்ட வீட்ட விட உன்ட பெட்டி பத்திரம் புள்ள. அஞ்சும் அதுக்குள்ள கிடக்கட்டும்.”

எக்ஸ்ரே உறை

அதற்குப் பிறகு ஆறு, ஏழு, எட்டு என்று போய்ப் பதினொன்று வரை அடித்தேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டில் இருந்து நினைத்துக்கொண்டு வருவேன். அவர் உள்ளே வந்து, ஏணையில் இருந்து இறங்கி நடக்கத் தொடங்கிவிட்ட என் மகளைத் தூக்கிக் கொஞ்சுவார். சொல்ல வராது. ‘மூடு’வை அழுத்துவேன்.

சண்டை முடிந்தது. வெற்றி என்று சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். வடக்கில் முகாம்களில் இருக்கிறவர்களின் பெயர்கள் வரும் என்று கதை பரவியது. அடுத்த கிழமை பாக்கியம் அக்கா கடைக்கு வந்தார். நாலு வருஷத்தில் அவரை அவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்ததில்லை. ஒரு ஒபிஸில் கதிரை கொடுத்து இருத்திக் கேட்டார்களாம். முதல் முதல் கொடுத்த முறைப்பாட்டில் இருந்து எல்லாக் கடிதத்தின் கொப்பியையும் கொண்டு வந்தால் மகனுக்குப் புதிதாகப் பைல் திறப்பார்களாம். பழையது அவர்களிடம் இல்லையாம், கட்டிடம் மாறியதில் போய்விட்டதாம். கொப்பி இல்லாதவர்கள் கடைசி வரிசையாம், அந்த வரிசை எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியாதாம். தாள் கசங்காமல் கொண்டுபோக ஆஸ்பத்திரி எக்ஸ்ரே உறை ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதை என் மேசையில் வைத்து வாயைத் திறந்து பிடித்துக்கொண்டார். “பதினொண்டு இரிக்கணும் புள்ள. எண்ணிப் போடு.”

நான் சொன்னேன். இதில் எழுதுகிற எதுவும் தங்காது, மூடியதும் போய்விடும், தொடக்கத்தில் இருந்தே அப்படித்தான். எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது நான்தான். பதினொன்றும் எனக்குப் பாடம், இப்போதே இருந்து திரும்ப அடித்துத் தருகிறேன் என்று கையைப் பிடித்தேன். இன்றைக்கு அடிக்கிற தாளில், அது நாலு வருஷத்துக்கு முந்தி அடித்தது என்பதற்கு அத்தாட்சி இருக்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஹாஜியார் சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பாக்கியம் அக்கா ஏசவில்லை. உறையின் வாயை மெதுவாக மூடினார். ஸ்க்ரீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப இந்த நாலு வருசமும் நான் ஆருட்ட புள்ள சொல்லிக்கிட்டு இருந்த?”

இப்போது நான் இருக்கிற கடையில் பிறந்தநாள் அழைப்பிதழைக்கூட மூன்று இடத்தில் சேமிக்கிறோம், சேமிக்க வேண்டிய கடிதத்தோடு மட்டும் யாரும் வருவதில்லை.