பத்தொன்பது வீட்டிலயும் புருஷன்தான் சமையல்

சோசியோலொஜி எண்டது மற்றவையின்ர குசினிக்குள்ள எட்டிப் பாத்து மாக்ஸ் வாங்கிற படிப்பு. அதில மாட்டுப்பட்ட ஆக்கள் என்னைப்போல வேறயும் இருப்பியள். கிட்ட வாங்கோ, சொல்லுறன்.

சேர்ந்த கதை

ஊரில சண்டையால என்ர படிப்பு எட்டாம் வகுப்போட நிண்டிட்டுது. தொண்ணூறில லண்டனில, வால்தம்ஸ்டோவில சித்தப்பா வீட்டை வந்து இறங்கேக்கை எனக்குப் பதினேழு வயசு. பள்ளிக்கூடத்தில மூளையைப் பாக்கேல்லை, வயசைப் பாத்து சிக்ஸ்த் ஃபோமில, ஏ லெவல் வகுப்பில, இருத்திச்சினம். கணக்கு மிஸ் என்னைக் கண்ட உடன கதவைச் சாத்தினா. சோசியோலொஜி மிஸ் மட்டும்தான் வா எண்டவ. ஆனா ஈஸ்டருக்குள்ள ஒரு ப்ரொஜெக்ட் குடுக்கவேணும், இல்லாட்டி இரண்டாம் வருசம் இல்லை எண்டிட்டா. அப்பிடிப் படிப்பு நிண்டா எண்டு சித்தப்பா தையல் ஃபக்டரியில எனக்கு இடமும் பாத்து வைச்சிருந்தவர்.

சனம் எப்பிடிச் சீவிக்குதெண்டு பாக்கிற படிப்பு எண்டு அவருக்கு விளங்கப்படுத்தினன். சித்தியைக் காட்டிச் சொன்னார்: "அதுக்கேன் பள்ளிக்கூடம்? இவள் யன்னல் சீலையை விலத்திப்போட்டுச் சும்மா பாக்கிறாளே."

விருந்தாளியள்

வீட்டுவேலை ஆர் செய்யிறது எண்டதுதான் என்ர ப்ரொஜெக்ட். இருபது தமிழ் வீட்டில கேக்கவேணும். முதல் வீட்டில ஒரு மாமா கதவை அரைவாசி திறந்தார். என்ர கையில கடுதாசியைக் கண்ட உடன கவுன்சிலால ஆள் எண்ண வந்தனான் எண்டு நினைச்சிட்டார். வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டன். நாலு எண்டார். கதவடியில பதினொரு சோடி சப்பாத்து. நானும் பாத்தன், அவரும் பாத்தார்.

"அதுகள் விருந்தாளியள், பிள்ளை. ரெண்டு வருசமா நாளைக்குப் போறம், நாளைக்குப் போறம் எண்டுதான் சொல்லுதுகள்."

ஒரே கையெழுத்து

இனிக் கதவடியில நிண்டு கேக்க ஏலாதெண்டு மிச்சப் பத்தொன்பது வீட்டிலயும் கடுதாசியைக் குடுத்திட்டு வந்தன். ஒரு கிழமையில எல்லாம் வந்திட்டுது. எனக்கெண்டாச் சந்தோசத்தில புழுகம். பிரிச்சுப் பாத்தா, பத்தொன்பதும் ஒரே கையெழுத்து. எல்லா வீட்டிலயும் புருஷன்தான் சமைக்கிறார், புருஷன்தான் பெட்டைக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுறார். புருஷன் இன்னும் கொழும்பில நிக்கிற ஒரு மாமி வீட்டிலயும் அவர்தான் கோப்பை கழுவுறார்!

எல்லாத்தையும் நானே வீட்டில இருந்து எழுதினதெண்டு மிஸ் சொல்லிட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லாட்டி முட்டைதான் மாக்ஸ்.

கையெழுத்து எனக்குத் தெரியும். வெம்பிளியில பாலண்ணையின்ரது. இங்கிலீசில ஒரு கடுதாசி வந்தா எங்கட சனம் ரெயினேறி அவரிட்டைத்தான் போகும். அகதிக் கேசுக்குக் குடுக்கிற ஹோம் ஒஃபீஸ் ஃபோமெல்லாம் அவற்ற பேனைதான். போய்க் கத்தினன், என்ர படிப்பை முடிச்சுப்போட்டியளே எண்டு. வெள்ளைக்காரருக்குப் பிடிச்ச மாதிரித்தானே எழுதினனான் எண்டார். சரி, ஏன் எல்லாத்திலயும் ஒண்டையே எழுதினனீங்கள் எண்டன்.

"பிள்ளை, ஃபோம் எண்டா எல்லாரும் ஒண்டைத்தான் சொல்லவேணும். ஒராள் மாறிச் சொன்னா எல்லாரையும் திரும்ப விசாரணைக்குக் கூப்பிடுவாங்கள்."

வெள்ளிக்கிழமை

பாலண்ணை ஷிப்டை விட்டிட்டு, கோட்டும் போட்டு, கக்கத்தில ஃபைலோட பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஜட்ஜுக்கு முன்னால நிக்கிற மாதிரி நிண்டு, எழுதினது நான்தான், பிள்ளையில பிழையில்லை எண்டு மிஸ்ஸுக்குச் சொன்னார். எங்கட சனம் ஒரு கடுதாசியைக் கண்டா ஏன் பயப்பிடுது எண்டும் சொன்னார். மிஸ் பத்தொன்பது கடுதாசியையும் திரும்ப எடுத்துப் பாத்தா. பிறகு என்னட்டை, இதுதான் உன்ர ப்ரொஜெக்ட், இதை எழுது எண்டா.

எனக்குக் கால் நிலத்தில படேல்லை. பாலண்ணை மட்டும் கதிரையை விட்டு எழும்பேல்லை. தான் கேக்கப் பயந்து, மெதுவாத் தமிழில எனக்குச் சொன்னார்: "மிஸ்ஸிட்டைக் கேள் பிள்ளை, அந்தப் பத்தொன்பது பேரின்ர கேசுக்கும் இதால ஒண்டும் வராதுதானே?"

மிஸ் என்னை இரண்டாம் வருசத்துக்கு ஏத்திவிட்டா. ஆனா எங்கட ஆம்பிளையளுக்கு அவ்வளவு நல்ல பேர் எடுத்துக் குடுத்த பாலண்ணை தன்ர வீட்டில ஒரு தேத்தண்ணி போடக்கூட எழும்பாதவர் எண்டதை மட்டும் நான் எழுதவேயில்லை.