வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள்

நோயாளியின் கண் எப்போது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கருவியில் பதிவு செய்வது என் வேலை. பக்கத்தில் ஃபோன் மின்னியதும் இந்த வரியை விட்டுவிட்டு அங்கே பார்க்கிற உங்களுக்கு, கண்ணைக் கட்டுப்படுத்த நோயாளி படும் சிரமம் புரியும்.

யானை நிற்கும் பக்கம்

செல்வம், காட்டு யானைகள் நடமாடும் சின்னக்கானல் மலையில் சுற்றுலா ஜீப் ஓட்டுபவர். கீழே விழுந்து நெற்றியில் அடிபட்டதிலிருந்து வண்டி ஓட்டவில்லை. டாக்டர் சரி என்றால்தான் முதலாளி சாவியைத் தருவார். மற்ற சோதனைகள் முடிந்து, என்னுடையது மட்டும் பாக்கி.

திரையில் ஒரு பக்கம் வெளிச்சம் தோன்றும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை நோக்கிக் கண் தானாக ஓட, மூளையின் ஆழத்திலும் பின்புறத்திலும் உள்ள பகுதிகளே ஏறக்குறையப் போதும். அதைத் தடுத்து, நாமே முடிவு செய்து வேறு பக்கம் பார்க்க, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி வேலை செய்தாக வேண்டும். செல்வத்தின் கண் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கே போனது. தவறு என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"புதர் அசையிற பக்கம் பாக்காம எதிர்ப்பக்கம் பாத்தா, யானை நம்மளை வீட்டுக்கு விடுமா சிஸ்டர்?"

வளையல்

அடுத்த முறை ஒரு தவறுகூட இல்லை. எனக்கே சந்தேகம் வந்தது. அவர் மனைவி மாரியம்மாள், தேயிலைக் கொழுந்து பறிப்பவர், நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். வெளிச்சம் இடப்பக்கம் வந்தால் அவருடைய வலக்கை வளையல் குலுங்கியது. வலப்பக்கம் வந்தால் இடக்கை. செல்வத்தின் கண் சத்தத்தின் பின்னால் ஓடியிருந்தது. அவராக எதையும் முடிவு செய்யவில்லை.

வெளியே உட்காருங்கள் என்றேன். மாரியம்மாள் அசரவில்லை.

"ஏன் சிஸ்டர், ஜீப்புலயும் நானே பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்."

திரும்புகிற இடம்

சில மாதங்கள் கழித்து செல்வம் மறுபடி சோதனைக்கு வந்தார். மாரியம்மாள் தானாகவே வெளியே உட்கார்ந்துகொண்டார். முதல் வெளிச்சத்தில் செல்வத்தின் கண் துள்ளியது. உடனே திரும்பி எதிர்ப்பக்கம் போனது. பிறகு துள்ளவே இல்லை. வெளிச்சம் வர வர, கண் நிதானமாக மறுபக்கம் போனது. பதிவைப் பார்த்த டாக்டர், பகலில் மட்டும் ஓட்டலாம் என்றார். காயம் ஆறியிருக்கிறது, சரி. ஆனாலும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன்.

"யானையவே பாத்துட்டிருந்து என்ன செய்ய சிஸ்டர்? ஜீப்பைத் திருப்புற இடத்தைல்லா பாக்கணும்."

பிறகொரு நாள் மருத்துவ முகாமுக்காக அவருடைய ஜீப்பில் மலையேறியபோது, வழியில் எந்த இலை அசைந்தாலும் தலையைத் திருப்பிப் பார்த்தது, இந்தச் சோதனையை எல்லோருக்கும் நடத்துகிற நான் ஒருத்திதான்.