குப்பிக்குள் ஹார்மோன் வந்த வழி

பதினோரு மாதம் செத்ததுபோல் கிடந்த இரண்டு குப்பிகளிலும் உயிர் தெரிந்த அன்று, குப்பி அக்கா நுண்ணோக்கியை விட்டு எழுந்து தாழ்வாரத்தில் ஓடியே விட்டாள். நாற்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இருந்தும் ஓட்டம் ஓட்டம்தான்.

"மேடம்! வளந்திருக்கு மேடம்! கொத்துக் கொத்தா வளந்திருக்கு!"

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி மேடம் கடித்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். பார்த்தார். "அடேங்கப்பா" என்றார். படித்தவர்களும் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

குப்பி அக்கா பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள். அவள் கழுவிய பாத்திரத்தில் வைத்த செல்கள் மட்டும் அழுகாமல் இருப்பதைக் கவனித்த மேடம், அவளைச் செல் அறைக்கு மாற்றினார். நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை உள்ளங்கை அகலக் குப்பிகளில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அதுதான் அவள் வேலை. யார் ஊற்றினாலும் செத்துத் தொலைக்கிற செல்கள் இவள் கையில் பிழைத்தன. கைராசி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ராசியாவது ஒண்ணாவது. கையை ஒழுங்கா கழுவறேன், அவ்வளவுதான்" என்பாள்.

இப்போது வளர்ந்த செல்கள் ஒரு பெரியவரின் புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்தவை. அந்தப் புற்றுநோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. அதனால் மருத்துவர்கள் ஊசி போட்டு அந்த ஹார்மோன் சுரப்பதை நிறுத்துவார்கள். கட்டி சுருங்கும், சில காலம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். பிறகு பலருக்கு மறுபடி தலைதூக்கும். ரத்தத்தில் பார்த்தால் ஹார்மோன் இல்லவே இல்லை என்கிற மாதிரிதான் இருக்கும், கட்டி மட்டும் வளரும். எதைத் தின்று வளர்கிறது? அதைக் கண்ணால் பார்க்கத்தான் மேடம் இரண்டு குப்பிகளைப் பட்டினி போட்டிருந்தார்.

பட்டினி என்றால் முழுப் பட்டினி இல்லை. வழக்கமான திரவத்தைக் கரித்தூளோடு கலக்கி வடித்தால் ஹார்மோன் கரியோடு போய்விடும். மற்ற சத்தெல்லாம் இருக்கும். கரி போட்ட பாட்டிலின் மூடியில் ஒரு கறுப்புப் புள்ளி. போடாததில் புள்ளி கிடையாது. இரண்டும் ஒரே இளஞ்சிவப்பு, ஒரே அளவு பாட்டில், ஒரே அலமாரி. இப்படி வைக்கச் சொன்ன மகானுபாவர் யார் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

முதல் மாதத்திலேயே செல்களில் பெரும்பாலானவை செத்து மிதந்தன. தூக்கிக் கொட்டிவிடலாம் என்று சொன்னவர் அரை டாக்டர். ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். குப்பி அக்கா கேட்கவில்லை. வாரம் தவறாமல் ஒரு குப்பிக்குத் திங்கட்கிழமையும் இன்னொன்றுக்கு வியாழக்கிழமையும் ஊற்றினாள். பதினோராவது மாதம்தான் அந்த ஓட்டம்.

சந்தோஷம் சரியாக எட்டு நாள் நீடித்தது. ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை, மேடத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். அரை டாக்டர் ஒரு தாளோடு நின்றிருந்தார்.

"ரெண்டு குப்பித் திரவத்தையும் சோதிச்சேன் மேடம். ஹார்மோன் இருக்கு. பட்டினி போட்ட குப்பியில ஹார்மோன் எப்படி வரும்? அக்கா புள்ளி இல்லாத பாட்டிலை எடுத்து ஊத்திட்டாங்க."

குப்பி அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடம் மெதுவாகத்தான் கேட்டார். "அக்கா, தப்பு எல்லாருக்கும் வரும். உண்மையைச் சொல்லுங்க. ஊத்தினீங்களா?"

"இல்ல மேடம்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே உறுதியில்லை. கடந்த திங்கட்கிழமை பாட்டிலைத் திறந்து வைத்திருந்த நேரம் பார்த்து, செல்களை உறைய வைக்கும் பெட்டியின் அலாரம் அலறியது. ஓடிப்போய் அதைச் சரிசெய்து திரும்பி வந்து ஊற்றினாள். மேசையில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. எந்த மூடியைப் பார்த்தாள்? பார்த்தாளா? மூளையைக் கசக்கினாலும் அந்த மூடி ஞாபகத்துக்கு வரவில்லை. தப்பு என்று முடிவானால் பதினோரு மாத உழைப்பு சாக்கடையில். அவள் மறுபடி கழுவும் அறையில். இனி ஒரு குப்பியையும் தொட விடமாட்டார்கள்.

தாளை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவ்வளவாக வராது, எண்கள் வரும். திங்கட்கிழமை ஊற்றிய குப்பியில் எட்டு. நேற்று ஊற்றியதில் இரண்டு. இன்னொரு முறை பார்த்தாள். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"தம்பி, இது தலைகீழா இருக்கே! நான் ஊத்தி வந்த ஹார்மோன்னா நேத்து ஊத்தினதுலதானே ஜாஸ்தி இருக்கணும்? நாலு நாள் ஆனதுல அதுங்க தின்னு தீத்திருக்குமே. சாப்பிடச் சாப்பிட தட்டுல சாப்பாடு கூடுமா?"

மேடம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அரை டாக்டர் அசரவில்லை. "திங்கக்கிழமை தப்பு பாட்டில், நேத்து சரியான பாட்டில். ரெண்டெல்லாம் மெஷினோட தடுமாற்றம். முடிஞ்சுது."

அவள் பயந்ததும் அதேதான். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. கழுத்தில் தொங்கிய, செல் அறையைத் திறக்கிற கதவு அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் உள்ளேயே வரல. நீங்களே கரி போட்டுக் கலக்குங்க. குப்பியை மூணு தடவை அலசிட்டு நீங்களே ஊத்துங்க. செல்லே இல்லாத வெறுங்குப்பி ஒண்ணுலயும் அதையே ஊத்திப் பக்கத்துல வைங்க. தினம் ஒரு துளி எடுத்துப் பாருங்க. ரெண்டுலயும் ஒண்ணும் இல்லேன்னா நான்தான் தப்பு. கழுவப் போயிடறேன்."

"செய்யுங்க" என்று ஒரே போடாகப் போட்டார் மேடம்.

அந்த நான்கு நாளும் குப்பி அக்கா கழுவும் அறையில் கழுவினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அங்கேயும் கழுவினாள்.

பேருந்து ஓட்டுகிற கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். "ஏம்மா, அந்தச் சட்டி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் கதையைக் கொட்டினாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. "வெளியில ஹார்மோன் கிடைக்கலேன்னதும் அதுங்களே செஞ்சுக்குதுன்னு நினைக்கிறேங்க! உள்ள இருக்கிற கொழுப்பை எடுத்துப் படிப்படியா மாத்தி! அப்படியும் நடக்கும்னு மேடம் படம் போட்டுக் காட்டியிருக்காங்க. சில செல்லு வேற மாதிரி தந்திரம் பண்ணுமாம். ஹார்மோனைப் பிடிக்கிற வாயை நிறைய முளைக்க வச்சுக்குமாம், அரைத் துளி வந்தாலும் கவ்விக்கும். எங்க குப்பியில இருக்கறது எதுன்னுதான் யாருக்கும் தெரியல."

"அப்ப, கடையை மூடினா வீட்டுலயே சமைச்சுக்குதுங்க?"

"அதேதாங்க!"

"கில்லாடிங்கதான்" என்றவர், "சரி, நீ பாட்டிலை மாத்தி ஊத்தலையே?" என்று கேட்டார். அவள் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலை, முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தாள். தாழ்வாரத்தில் தடதடவென்று சத்தம். அரை டாக்டர் ஓடி வந்தார். கழுவும் அறையின் ஈரத்தரையில் வழுக்கி, தொட்டியைப் பிடித்துத்தான் நின்றார். மூச்சு வாங்கியது.

"வெறுங்குப்பி சைபர் அக்கா! நாலு நாளும் சைபர்!"

"செல்லு இருக்கற குப்பி?"

"முதல் நாள் ரெண்டு! அப்புறம் நாலு! அப்புறம் ஆறு! இன்னிக்கு ஒம்பது! நானே கலக்கி நானே ஊத்தினது, பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது! அதுங்களேதான் தயாரிக்குதுங்க!"

பின்னாலேயே மேடம் வந்தார். அவரும் ஓடித்தான் வந்திருந்தார், செருப்பு ஒன்று எங்கோ கழன்றிருந்தது. "அந்தத் தயாரிப்பை நிறுத்தறதுக்குன்னே மாத்திரை இருக்கு அக்கா. இந்தக் குப்பியில அதைப் போட்டுப் பார்க்கணும், எவ்வளவு நாள் தாங்குதுன்னு, அதுக்கும் வேற வழி கண்டுபிடிக்குதான்னு. இன்னிக்கே ஆரம்பிக்கலாம். வாங்க, வாங்க, கையைத் துடைங்க!"

குப்பி அக்காவுக்குக் கை துடைக்கத் தோன்றவில்லை. அரை டாக்டர் அவளுடைய கதவு அட்டையை நீட்டினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க அக்கா. நீங்க தப்பு பண்ணலேன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது தம்பி" என்றாள் குப்பி அக்கா. அப்படியே கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து, நுரைக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, இரண்டு பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.