சின்ன மாமாவின் முதுகு

சின்ன மாமாவின் முதுகு வெயிலில் வெந்து தோல் உரிந்தது. இரண்டு கிழமையில், பதினாலு நாளில், ஆறிவிட்டது. ஒரு வடுக்கூட மிஞ்சவில்லை. இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இரண்டு கிழமைக்குள் நான் ஒரு வேலை பார்த்தேன். அதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்கவேண்டியவர்கள் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். நில அளவைப் பகுதியில் சங்கிலி பிடிக்கிற வேலை. நிலம் அளக்கும் சேவையர் கருவியை நிறுத்திக் கண்ணை வைத்துப் பார்ப்பார். மாமாவும் இன்னொருவரும் நீளமான இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்த வருடம் கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டிக் காணி பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டி எரித்த காட்டில் நிழல் ஏது? சோளகக் காற்று அனலை அள்ளி வீசுகிற மாதம் வேறு. வேலைக்குப் போட்ட சட்டை முள்ளில் கிழிந்துவிட்டது. மற்றச் சட்டை பொம்பிளை பார்க்கப் போவதற்கென்று தைப்பித்தது. அதைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு மாமா மூன்று கிழமை வெறும் மேலோடு சங்கிலி இழுத்தார்.

வீட்டுக்கு வந்து சைக்கிளால் இறங்கியபோது அவர் கூனியபடிதான் நடந்தார். சுட்ட சங்கிலியைத் தூக்கிப் போட்ட வலது தோளில் கொப்புளம் உடைந்திருந்தது. முதுகு முழுவதும் தோல் வெங்காயச் சருகுபோல எழும்பி, உரிந்த இடங்கள் வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரிந்தன.

"ஐயோ, இதென்னடா கோலம்? வாற கிழமை பொம்பிளை பாக்கப் போறதெல்லோ?" என்றார் அம்மா.

"அவை முகத்தைத்தானே அக்கா பாப்பினம். முதுகை ஆர் பாக்கிறது?"

அன்றைக்கே அம்மா தொடங்கிவிட்டார். எண்ணெய் வைக்கவே கூடாது, வைத்தால் சூடு உள்ளே நின்றுவிடும் என்பது அவர் கட்சி. சவர்க்காரமும் கூடாது. வெயில் தாழ்ந்த பிறகு கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, துடைக்காமல் காயவிடுவார். கற்றாழை மடலைக் கீறி, மஞ்சள் பால் வடியும்வரை நிறுத்தி வைத்து, மடலின் உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் கழுவி எடுப்பார். அதைத் தடவிக் கொஞ்ச நேரம் கழிய எருமைத் தயிர். அதன் மேல் வாழைக்குருத்து. மாமா அறைக்குள் பாயில் குப்புறக் கிடப்பார். தயிருக்கு இலையான் மொய்க்கும். வேப்பங்குழையால் விசுக்கி ஓட்டுவது என் பொறுப்பு.

ஐயா, என் தகப்பன், வேலையால் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். "என்ன மச்சான், இன்னும் உறையேல்லையே? ரெண்டு நாள் விட்டால் கடைஞ்சு மோர் எடுக்கலாம்போல கிடக்கு."

"சிரிக்கப் பண்ணாதையுங்கோ அத்தான், தோல் இழுக்குது," என்று மாமா பாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு முனகுவார்.

அம்மா அறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார். என்னையும் எச்சரித்திருந்தார். "உதைப் போய் வெளியில கதைச்சுப்போடாதை. மேலில ஒரு தேமல் எண்டாலே சனம் வேற வருத்தம் எண்டு கதை கட்டும்." வேற வருத்தம் என்றால் எது என்று எனக்குத் தெரியும். அந்த நாளில் குட்டம் என்கிற பெருவியாதி வந்தவர்களைக் கிழக்கே ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெடியள் கதைப்பார்கள். போனவர்கள் திரும்பி வருவதில்லை என்றும் சொல்வார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான், பொம்பிளை பார்க்கப் போன அன்று, நான் அவர்கள் வீட்டுக் குசினிக்குள் போனேன். அறியாப் பிள்ளை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். நான் அறியாப் பிள்ளை அல்ல.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பொம்பிளை வீட்டில்தான் போய் இருப்பார். மாமாவுக்கு இது நடக்கும் என்பது அந்தக் கிழமைதான் என் மண்டைக்குள் ஏறியது. நான் படுப்பது மாமாவோடு ஒரே பாயில். பள்ளிக்கூடம் போவது அவர் லீவில் நிற்கும்போது அவருடைய சைக்கிளில். நீந்தப் பழக்கியது அவர். "பிறகு நீங்கள் வரமாட்டியளோ?" என்று கேட்டேன். "வருவன்தானே, விருந்துக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பொம்பிளை வீடு புதுக்குடியிருப்பில். கையும் கழுத்தும் மூடிய அந்தப் புதுச் சட்டையோடு மாமா நடு மத்தியானத்தில் எங்களோடு போய் இறங்கினார். பேச்சு ஏறக்குறைய முடிந்தே இருந்தது. தரகர் நடுவில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கதிரையில் சாய்ந்து காலை நீட்டிக் கதைத்தார்கள். மாமா மட்டும் சோதனை எழுதுகிறவர்போல நிமிர்ந்து, முதுகு படாமல், நுனியில் இருந்தார். வியர்வை சட்டையில் ஊறியது. யாரோ விசிறியை நீட்டினார்கள். "கழுத்துப் பொத்தானைக் கழட்டிவிடுங்கோவன்," என்றார் பொம்பிளையின் தகப்பன். "பரவாயில்லை ஐயா," என்றார் மாமா.

பொம்பிளைக்குத் தாய் இல்லை. பெரியம்மாதான் வீட்டை நடத்துபவர். அவர் இதைக் கவனித்துக்கொண்டே நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் குசினிக்குக் கொண்டுபோய் இரண்டு பயற்றம் பணியாரம் தந்தார். அடுப்படியில் அந்த அக்கா, நாங்கள் பார்க்க வந்த பொம்பிளை, கோப்பி காய்ச்சிக்கொண்டு நின்றார்.

"தம்பி, மாமா ஏன் கதிரையில சாயாமல் இருக்கிறார்? கூச்சமோ?" என்றார் பெரியம்மா.

"இல்லை. முதுகுத் தோல் உரியுது. சாஞ்சால் நோகும்."

அவருடைய கை அப்படியே நின்றது. "எவ்வளவு நாளா?"

"கனநாளா."

"அம்மா என்ன செய்யிறவா?"

"கதவைச் சாத்திப்போட்டு மருந்து தடவிறவா. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம்."

கனநாள் என்பதை விட்டால் இதில் பொய் இல்லை. எந்தச் சொல்லை விட்டேன் என்பதுதான் விஷயம். அந்தச் சொல்லை என் வாயில் எடுத்துத் தந்ததே அந்த அக்காதான்.

"பெரியம்மா, அது வெயிலாயிருக்கும். அவர் வெட்டைவெளியில நிண்டு வேலை செய்யிறவரெல்லே? அண்ணைக்கும் போன வருசம் வயலில சூடடிச்ச நேரம் உப்பிடித்தானே உரிஞ்சது."

"உன்னை ஆர் கேட்டது? நீ கோப்பியைப் பார்."

அவர் கோப்பியைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் வந்து, என் உயரத்துக்குக் குந்தினார்.

"வெயில்தானே ராசா? சொல்லு."

"தெரியாது," என்றேன்.

அவர் எழும்பவில்லை. "வடிவா யோசிச்சுச் சொல்லு. வெயில்தானே?"

நான் முழுப் பணியாரத்தை வாய்க்குள் தள்ளினேன். அவருக்குப் பின்னால் கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. பெரியம்மா சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாலாம் நாள் தரகர் வந்தார். முற்றத்திலேயே நின்று, சால்வையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றி மாற்றிச் சொன்னார். "அவை வேண்டாமெண்டினம். மாப்பிளைக்கு மேலில ஏதோ வருத்தமாம். சின்னப் பிள்ளையின்ர வாயில வந்ததாம், பொய்யாயிராதாம்."

அம்மா என்னைத் தோளில் பிடித்து உலுப்பினார். "என்னடா சொன்னனீ?"

"தோல் உரியுதெண்டு சொன்னனான். வெயில் எண்டும் சொன்னனான்," என்றேன் அழுதுகொண்டு.

அதை நம்பினார்கள். அந்தப் பெரியம்மா வேண்டுமென்றே கதையைத் திரித்துவிட்டார் என்று முடிவாயிற்று. அம்மா சாகும்வரை அவரைப் பொல்லாத மனிசி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐயா விடவில்லை. மாமாவை முல்லைத்தீவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினார். வைத்தியர் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வெயில் சுட்டது, வேறு ஒன்றுமில்லை, தடவுவதையே தடவுங்கள் என்று சொல்லி, கேட்டபடியே ஒரு கடதாசியிலும் எழுதிக் கொடுத்தார். தரகர் அதைக் கொண்டுபோனார். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"வருத்தம் இல்லாதவனுக்கு என்னத்துக்குக் கடதாசி எண்டு கேக்கினம்."



பிற்பாடு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் விரும்பியபடியே மாமா எங்கள் வீட்டில் இருந்தார். ஏழெட்டு வருடம் கழித்து ஸ்கந்தபுரத்தில் கலியாணம் செய்தார்; பிள்ளைகள் பிறந்தார்கள்; குறையொன்றும் சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு பிறர் முன்னால் அவர் சட்டை கழற்றி நான் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனால், சட்டையோடு உள்ளே போகக்கூடாது என்பதால், வெளி வீதியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவார். அந்த அக்காவை வவுனியாவில் கட்டிக் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. நான் படித்து வாத்தியாரானேன். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பு வாங்குப் பலகையில் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்ததை ஒருவாறு சீரணித்துக்கொள்ள முடிகிறது. முடியாதது ஒன்று உண்டு. அது கடதாசி திரும்பி வந்த அன்று பின்னேரம் நடந்தது.

முதுகு ஏறக்குறைய ஆறிவிட்டது. அம்மா கடைசித் தரமாகக் கற்றாழை தடவிவிட்டு, சட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தார். அறையில் நானும் மாமாவும் மட்டும். அவர் குப்புறப் படுத்தபடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டார்.

"குசினிக்குள்ள அவாவும் நிண்டவாவோ?"

"ஆர்?"

"அவாதான்." அந்த அக்காவைத்தான் கேட்கிறார் என்று விளங்கியது.

"ஓம்."

"நீ சொன்னது அவாவுக்குக் கேட்டதோ?"

"ஓம்."

"கேட்டிட்டு ஏதும் சொன்னவாவோ?"

நான் உசாரானேன். அந்த அக்கா வெயில் என்று வாதாடியதைச் சொன்னால், அப்போ நீ என்ன சொன்னாய் என்ற கேள்வி வரும். வெயில் என்று நானே சொன்னதாக அம்மாவிடம் சொன்னது பொய்யாகிவிடும்.

"இல்லை."

"ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"ஒண்டும் சொல்லேல்லை. கோப்பி ஊத்தினவா."

"சரி," என்றார் மாமா.

அவர் இன்னும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்னைப் பிடிப்பதற்குத்தான் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்க்கிறார், நான் அகப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு எழும்பி விளையாட ஓடினேன்.