கண்ணில் ஊசி போட்டுத் திரும்பிய மாலை

கோலாலம்பூரைக் கண்டால் எனக்குப் பயம். இதைச் சொல்ல வெட்கமில்லை. ரிங்லெட் என்ற மலை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வகுப்பு வாசலில் பாம்பு கிடந்தால் விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் பாடம் நடத்தப் போயிருக்கிறேன். மழைக்கு மண் சரிந்து பாதை அடைபட்ட நாட்களில் சேற்றில் இறங்கி நடந்து வந்து மணி அடித்திருக்கிறேன். இந்த ஊரில் மட்டும், லிஃப்ட் கதவு மூடும்போதுகூட என் கை தானாகப் போய் என் கணவரின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே வந்ததும் அவருக்காகத்தான். தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். பச்சைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு அந்த வளைவுகளில் காலமெல்லாம் ஏறி இறங்கியவரைச் சர்க்கரை வியாதி கண்ணில் பிடித்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், உருவம் தெரியாது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதம் ஒரு முறை ஊசி போட வேண்டும், ஒரு மாதம் தவறினாலும் அதுவும் போய்விடும் என்று டாக்டர் நேரடியாகவே சொல்லிவிட்டார். அதனால் மகனுடைய அடுக்குமாடி வீட்டில், மேகத்துக்குப் பக்கத்தில், மாதக்கணக்கில் தங்கிவிட்டோம்.

சுகம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். காலையில் துவைத்த துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். மலையில் பிறந்தவளுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே பள்ளிக்கூடத்துச் சேலையை அடுப்பு மேல் கொடி கட்டிக் காயப்போட்டு, வகுப்பில் புகை வாசனையோடு நின்றிருக்கிறேன். இங்கே பொரித்த அப்பளம் சாயங்காலம் வரைக்கும் மொறுமொறுவென்று இருக்கிறது. உப்பு கட்டி தட்டுவதில்லை. கீழே இறங்கினால் எந்த நேரமும் சூடாகத் தோசை கிடைக்கும். புதுச் சேலைக் கடைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடலாம்.

ஆனால் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் கதவுக்கு மேலே மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முதல் வாரம் நான் எல்லோரிடமும், "சாப்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பயந்துபோய் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாள். "டீச்சர், சும்மா இரு லா. போலீஸைக் கூப்பிட்டுறப் போறாங்க" என்றார் என் கணவர். தோட்டத்தில் எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். அவர் கேலிக்காக அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துப்போனது.

ஊசி போடும் நாட்களில் மகன்தான் காரில் கூட்டிப்போவான். அந்த மாதம் வேலை விஷயமாக அவன் ஜொகூருக்குப் போக வேண்டியதாயிற்று. நாங்கள் வாடகைக் காரில் போனோம். திரும்பும்போது சாயங்காலம், நல்ல மழை, போனில் எத்தனை தடவை தட்டியும் கார் வரவில்லை. மருத்துவமனை வாசலிலேயே ரயில் நிலையம். நாலைந்து நிறுத்தம்தான், போய்விடலாம் என்றேன்.

அவருக்கு அந்த ரயில் பிடிக்காது. அதற்கு ஓட்டுநர் கிடையாது, தானாக ஓடும். "பிரேக் புடிக்க ஒரு கால் இல்லாத வண்டில எப்படி ஏர்றது?" என்பார். அன்று வாக்குவாதம் செய்யும் நிலையில் அவர் இல்லை. வலது கண்ணுக்கு மேல் பஞ்சு வைத்து பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருந்தார்கள். ஊசி போடும்போது சட்டைப்பையில் எதுவும் இருக்கக் கூடாது என்று சொன்னதால், அவருடைய போனும் பர்ஸும் என் கைப்பையில் கிடந்தன. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

ரயிலில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கம்பியை அவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, நான் வாசலை ஒட்டி நின்றேன். மூன்றாவது நிறுத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு கூட்டம் இறங்க வந்தது. அவர்களுக்கு வழி விடுவதற்காக நான் பிளாட்பாரத்தில் இறங்கி ஓரமாக நின்றேன்.

எங்கள் மலையில் அப்படித்தான் செய்வோம். ரிங்லெட்டிலிருந்து வரும் பஸ்ஸில் வாசலில் நிற்பவர்கள் முதலில் கீழே இறங்குவார்கள், இறங்க வேண்டியவர்கள் இறங்குவார்கள், பிறகு இவர்கள் ஏறிக்கொள்வார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இந்த ரயிலில் என்னைப் பார்க்க யாரும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பீப் பீப் என்று சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் புதிதாக ஏறியவர்களின் முதுகுகள். அந்த முதுகுகளுக்கும் எனக்கும் நடுவே கதவு மூடிக்கொண்டது.

கண்ணாடியைத் தட்டினேன். வண்டி நகர்ந்துவிட்டது. உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் முகம் நான் இல்லாத பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் பக்கத்தில் நிற்பதாக நினைத்து அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்த வண்டியில் ஏறிப் பின்னால் போகலாமா, இங்கேயே நிற்கலாமா? நான் போகும்போது அவர் இங்கே திரும்பி வந்தால்? முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் அதிகாரி என்னைப் பார்த்து வந்தாள். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும், ஆனால் அந்த நிமிடம் வாயில் ஒரு வார்த்தை ஒழுங்காக வரவில்லை. "கணவர், கண், கண்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, விஷயத்தை வாங்கி, வாக்கி-டாக்கியில் அடுத்த நிலையத்துக்குச் சொன்னாள். வெள்ளைச் சட்டை, கண்ணில் கட்டு, உயரமான ஆள். எப்படியும் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவார், கவலைப்படாதீர்கள் அக்கா என்றாள்.

அடுத்த நிலையத்தில் அவர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கருவி கரகரத்ததும் எழுந்து நின்றேன். வெளியே உயரத்தில் இருக்கும் நிலையங்களில் பிளாட்பாரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே தடுப்பு கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவருடைய இடது கண்ணுக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும். வெளிச்சம் இருக்கும் பக்கம் வழி என்று நினைத்து நடந்தால், அது வரும் ரயிலின் விளக்காக இருந்தால்? மகனுக்குப் போன் பண்ணலாம் என்று எடுத்தேன். அவனிடம் என்ன சொல்வது? அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்றா? போனைத் திரும்ப உள்ளே போட்டேன்.

"ஒருவேளை இறங்கி வெளியே நடந்து போயிருப்பார். கண் தெரியாதவர்கள் பதறினால் நடந்துவிடுவார்கள். போலீஸுக்குச் சொல்லலாமா?" என்று அந்த அதிகாரி மெதுவாகக் கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்தது. பதறினாலும் இவர் நடக்க மாட்டார். எங்கள் தோட்டத்தில் யாருமே நடக்க மாட்டார்கள். சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று பனி இறங்கிவிடும். நீட்டிய கை தெரியாது. பக்கத்திலேயே பள்ளம் இருக்கும். அப்போது கங்காணி போடும் ஒரே சத்தம், "நில்லு, நின்ன எடத்துல நில்லு" என்பதுதான். கண் தெரியாதவன் நிற்க வேண்டும், நின்று குரல் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் பதில் குரல் கொடுக்க வேண்டும், வழி தெரிந்தவன் வந்து கூட்டிப்போக வேண்டும். புதிதாக வந்த ஒருவர் அவசரப்பட்டு நடந்து பள்ளத்தில் விழுந்து இடுப்பொடிந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். என் கணவர் லோரியையே நட்ட நடு வளைவில் நிறுத்திவிட்டு, யாராவது டார்ச்சோடு முன்னால் நடந்து வரும் வரைக்கும் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோட்டத்துத் துரையே கத்தினாலும் எடுக்க மாட்டார்.

"அவர் எறங்கவே இல்ல. அதே வண்டில, அதே கதவுகிட்டதான் நிப்பாரு" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு மலாயில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நின்ற இடத்தில்தான் அவர் நிற்கிறார், ஆனால் அந்த இடமே ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்கு உயிர் போயிற்று. அவள் கடைசி நிலையத்துக்குப் பேசினாள். அந்த வண்டி அங்கே போய்ச் சேர்ந்து, அதற்குள் திரும்பக் கிளம்பிவிட்டது என்றார்கள். உள்ளே ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கப் பிளாட்பாரத்துக்கு ஓடினோம். எந்த வண்டி என்று தெரியாது. வண்டி ஓடிய திசை மாறியிருந்ததால் எந்தக் கதவு என்றும் எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. கதவு திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான். முதல் வண்டி வந்தது. ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். பாதி வண்டிகூடப் பார்க்கவில்லை, மூடிவிட்டது. அவர் அதில் இருந்து, நான் பார்க்காமல் விட்டிருந்தால், மறுபடி அந்தக் கோடி வரை போய்த் திரும்ப வேண்டும்.

அடுத்த வண்டியின் கதவுகள் திறந்தன. ஓடிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துவிட்டது. பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்து, மலையில் கூப்பிடுவதுபோல, "ஓ... ஓய்ய்" என்று அடித்தொண்டையிலிருந்து கூப்பிட்டேன். அந்த நிலையமே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

"ஓ... ஓய்" என்று பதில் வந்தது. கம்மிப்போன குரல், ஆனால் அவர் குரல்.

கடைசியிலிருந்து இரண்டாவது கதவு. அதிகாரி முன்னால் ஓடி, கதவு மூடாமல் உடம்பால் தடுத்துக்கொண்டு நின்றாள். நான் உள்ளே போனேன். அதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. பெட்டி நிறைய ஆட்கள். உட்கார இடமில்லாமல் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். அவரைச் சுற்றி மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு யாரும் இல்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு எல்லோரும் கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் போனை அவர் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தான். நான் முறைத்ததும் தாழ்த்திக்கொண்டான். அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த அதிகாரி தண்ணீர் வாங்கி வரப் போனாள்.

பெஞ்சில் உட்கார வைத்தேன். அவர் கை சில்லிட்டுப் போயிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அன்று என் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடியை அவர் விடவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சத்தம் கேட்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

"பெரிய ஸ்டேஷன் ஒண்ணு வந்துச்சு டீச்சர். அங்க எல்லாரும் எறங்கிட்டாங்க போல" என்றார். "அதுக்கப்புறம் நான் மட்டும்தான். ஓய்னு கத்திக் கத்திப் பார்த்தேன். ஒரு கொரலும் வரல. காலி வண்டில கெடந்து சுத்திக்கிட்டு இருந்தேன்."

அவருடைய இன்னொரு கையை என் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன்.

"ஆள் இருந்திருந்தா கொரல் குடுத்திருப்பாங்கல்ல?" என்று கேட்டார்.

எங்களுக்கு எதிரே அடுத்த வண்டி வந்து நின்றது. இறங்கியவர்கள் எங்கள் காலை ஒட்டி ஒரு வார்த்தை இல்லாமல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அவருக்கு ஊசி போட வேண்டும். அதற்கடுத்த மாதமும் இதே ஊரில் இதே ஆட்களுக்கு நடுவில் அவர் இருந்தாக வேண்டும்.

"ஆமாங்க. வண்டில யாருமே இல்ல. நான்தான் பார்த்தேனே" என்றேன்.